கிணற்றில் குதித்த மாடும் நான்கு புள்ளிகளும்

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் கழுத்து வலி குறைந்ததா? நாள் முழுக்கக் கணினி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய். மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நட.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, கிளினிக் முகவரிக்கு அனுப்பு. போனும் வேண்டாம். போன ஞாயிறு பேசுவது நீதான் என்று தெரிந்ததும் உன் அண்ணன் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, நான் போனை வைக்கும்வரை தலை வாரினார். இருக்கிற நாற்பது முடியை இருபது நிமிடம் வாரினார். ஆறு வருடமாக இதே கதை. கடிதம் என்றால் நான் என் மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து நிம்மதியாகப் படிப்பேன்.

இப்போது விஷயம். எங்கள் கால்நடை கிளினிக்கில் மருந்துகளைச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி, பெயரையும் அளவையும் லேபிளில் அச்சடித்து ஒட்டிக் கொடுப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். போன மாதம் எங்கள் தெருமுனை டெய்லர், நாயின் இருமலுக்கு வாங்கிப்போன மருந்தைத் தன்னுடையது என்று நினைத்து மூன்று நாள் குடித்துவிட்டார். டாக்டரம்மா பதறிப்போய் ஆளனுப்பி வரவழைத்தார். டெய்லர் சாவகாசமாக வந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. இருமல் சுத்தமா நின்னுடுச்சு. நாய்தான் இன்னும் இருமுது" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இனிமே லேபிள்ல அந்தந்த மிருகத்தோட படம் வரணும். படிக்கத் தெரியாதவங்க பாப்பாங்க. படிக்கத் தெரிஞ்சும் படிக்காதவங்களும் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் பிரிண்டரோ பழையது. எழுத்தும் எண்ணும் தவிர எதுவும் அதற்குத் தெரியாது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும், பதினாறு எழுத்துகளை நாமே உருவாக்கி உள்ளே ஏற்றலாம் என்று மூன்று வரி இருக்கிறது. எப்படி என்று கேட்டால் ஓர் அட்டவணை. அதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். டிக்கெட் மிஷின்களுக்கு மூளை எழுதுகிறவள் நீ. இது உனக்கு எம்மாத்திரம்?

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அண்ணி

*

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து பரவாயில்லை. உங்கள் டெய்லரை நினைத்து ஆபீஸில் தனியாகச் சிரித்ததில் பக்கத்து நாற்காலிக்காரி பயந்துவிட்டாள். நாய் தேறிவிட்டதா?

அட்டவணையைப் பார்த்தேன். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு கிராஃப் தாளில் குறுக்கே இருபத்துநான்கு, நெடுக்கே இருபத்துநான்கு கட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் படம் அடங்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி. ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் வெறும் வெள்ளை, சாம்பல் கிடையாது. (நம் குடும்பத்துக்கு ஏற்ற பிரிண்டர்.) எட்டு எட்டுக் கட்டமாக நான் எண்ணாக மாற்றிவிடுவேன். ஒரு படத்துக்கு எழுபத்திரண்டு எண்கள். அவற்றை வரிசை மாறாமல் நீங்கள் தட்டினால், பிரிண்டர் அந்தப் படத்தை ஓர் எழுத்தாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

வரைந்து அனுப்புங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நீங்கள் அவரிடம் சொல்லவும் வேண்டாம். அப்பா போன மூன்றாம் மாதம் அப்பாவின் சைக்கிளை, "வந்து எடுத்துப்போகிறேன், பத்திரமாக வை" என்று நான் தேதி சொல்லி எழுதிய பிறகும், பழைய இரும்புக் கடையில் போட்ட மனிதர் சுகமாகத்தான் இருப்பார்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியமுள்ள
நாத்தனார்

*

ஜூலை 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். டெய்லரும் நாயும் நலம். இப்போது அவரவர் மருந்தை அவரவர் குடிக்கிறார்கள்.

நான் வரைந்த நாய் ஸ்டூல் போல இருந்தது. வாலைச் சேர்த்தேன், கைப்பிடி வைத்த ஸ்டூலாயிற்று. மூன்று மாலை கட்டங்களோடு போராடிவிட்டு, என் தோழி ஒருத்தியிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாளாக அவள் வீட்டோடு இருக்கவேண்டியதாகிவிட்டது. பொழுது போகாமல் எல்லோரையும் படுத்துகிறாள். தாளைப் பார்த்ததும், "இதென்ன சின்னப் புள்ளைங்க வேலை" என்றாள். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் நாய் உட்கார்ந்திருந்தது. காதை வேறு தூக்கிக்கொண்டு. நாய், பூனை, மாடு, ஆடு, கிளி என்று ஐந்து முடித்துவிட்டாள். இதோடு இருக்கிறது.

உன் அண்ணனைப் பற்றி நீ கேட்கவில்லை, அதனால் நானும் எழுதவில்லை. ஆனால் ஒன்று. அந்தச் சைக்கிளைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும். சொல்ல வேண்டியவள் நான் இல்லை; சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தவளும் நான்தான். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கதவைப் போல நிற்கிறேன். கதவுக்கு ஓய்வு இல்லை பார், யார் கோபமாகச் சாத்தினாலும் அதற்குத்தான் அடி.

உன் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பிஸ்கட் சாப்பாடு இல்லை.

அன்புடன்
அண்ணி

*

ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சுகம். பிஸ்கட்டை விட்டுவிட்டேன், இப்போது ரஸ்க்.

ஐந்து படங்களுக்கான முந்நூற்று அறுபது எண்களும் தனித் தாளில் இருக்கின்றன. ஒன்றைத் தவறவிட்டாலும் மீதியெல்லாம் இடம் தள்ளிப்போய்ப் பூனைக்கு முதுகில் மீசை முளைக்கும். நிதானமாகத் தட்டுங்கள்.

உங்கள் தோழியின் மாடு பிரமாதம். வாலை நான்கே புள்ளியில் ஆட வைத்திருக்கிறாள். ஆடு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜலதோஷம் பிடித்த நாய் மாதிரி இருக்கிறது. ஆட்டுக்குத் தாடி வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம், சும்மாதான் கேட்கிறேன். ஐந்து மிருகங்களும் வலது பக்கமே பார்க்கின்றன. கட்டங்களுக்குள் பென்சில் கோடுகள் எல்லாம் பின்னால் சாய்ந்திருக்கின்றன. என் பள்ளிக்கூட நோட்டுகளின் பின்பக்கம் முழுக்க இப்படித்தான் இருக்கும். அதற்கு டீச்சரிடம் திட்டு வாங்கியவள் நான். வரைந்தது வேறு ஆள். உங்கள் தோழி இடது கைக்காரியா?

பிரியமுள்ள
நாத்தனார்

*

ஜூலை 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கழுத்து, உன் ரஸ்க், உன் வேலை எல்லாம் நலமா? இங்கே கிளினிக்கே ரணகளமாக இருக்கிறது.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா எண்களையும் தட்டினேன். முதல் லேபிள், ஒரு பால்காரரின் பசுவுக்கு. வயிற்றுப்போக்கு. பெருமையாக அச்சடித்து, நானும் சரியாகப் பார்க்காமல் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வாசல்வரை போனவர் திரும்பி ஓடி வந்தார். "டாக்டரம்மா, எதையும் மறைக்காம சொல்லுங்க. என் மாடு பொழைக்குமா பொழைக்காதா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தால் தலை கீழே, வால் மேலே, நான்கு காலும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மாடு கிணற்றில் குதித்துக்கொண்டிருக்கிறது!

நாயும் குதிக்கிறது. பூனையும் குதிக்கிறது. கிளி மட்டும் குதித்தால் ஒன்றுமில்லை, அதற்கு இறக்கை இருக்கிறது. பால்காரருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, பசு கிணற்றில் விழாது என்று டாக்டரம்மா உறுதிமொழி கொடுக்கவேண்டியதாயிற்று. அவர் போனதும் டாக்டரம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

லேபிளைத் தோழியிடம் காட்டினேன். அவள் மூஞ்சி சிவந்துவிட்டது. "நான் நிக்க வெச்சு அனுப்பினேன். அங்க யாரோ தள்ளி விட்டிருக்காங்க" என்றாள். தாடி விஷயமும் சொன்னேன். "ஆட்டுக்குத் தாடி வைக்க எனக்குத் தெரியும். பெட்டை ஆட்டுக்கு எதுக்குத் தாடின்னு கேளு" என்றாள்.

சீக்கிரம் வழி சொல். நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
அண்ணி

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணிக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, மற்றபடி சுகம். பால்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். மாட்டைத் தள்ளிவிட்டது நான்தான்.

எங்கள் டிக்கெட் மிஷின்கள் புள்ளிகளைக் குறுக்கே, வரிவரியாகப் படிக்கும். உங்கள் பிரிண்டர் மேலிருந்து கீழே, நெடுக்காகப் படிக்கிறது. கையேட்டில் அதைக் காட்ட ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. பதினெட்டு வருடம் இதே வேலை செய்கிறவள், அதை அச்சுப் பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இனிக் கணக்கையும் உங்கள் தோழியே போடட்டும். சுலபம். ஒரு நெடுக்கு வரிசையில் மேலிருந்து எட்டுக் கட்டங்கள். அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எந்தக் கட்டம் கறுப்போ அதன் மதிப்பைக் கூட்ட வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் கறுப்பு என்றால் 160. எட்டும் வெள்ளை என்றால் சைபர். ஒரு நெடுக்கு வரிசைக்கு மேல் எண், நடு எண், கீழ் எண் என்று மூன்று. இப்படி இடமிருந்து வலமாக இருபத்துநான்கு வரிசைகள்.

எனக்குத் தெரிந்த ஓர் இடது கைக்காரர் எட்டாம் வாய்ப்பாட்டில் என்னிடம் தோற்று, ஒரு வாரம் என் புத்தகப் பையைச் சுமந்தார். என்னைவிட நான்கு வயது பெரியவர். உங்கள் தோழி அப்படி இல்லாமல் இருந்தால் சரி.

பெட்டை ஆட்டுக்கும் தாடி உண்டு. கிளினிக்குக்கு வரும் ஆடுகளைப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? வேலை அதிகமா? நீங்கள் கடைசியாக உங்களைப் பற்றி எப்போது எழுதினீர்கள் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பிரியமுள்ள
நாத்தனார்

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதவந்து பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருக்கிறேன். பல மாதங்களுக்குப் பிறகு வீட்டில் ஓர் ஆள் சண்டைக்கு நிற்கிறது. அதாவது, தோழியின் வீட்டில்.

உன் எட்டாம் வாய்ப்பாட்டைப் படித்துக் காட்டினேன். காது வரை சிவந்துபோய், "அது ஜுரத்துல இருந்தப்ப கேட்டது. அது செல்லாது" என்றாள். அன்றிலிருந்து கணக்குத்தான். இனியும் மறைப்பானேன், அவளுக்கு இடது கால் எலும்பு முறிந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு. பல்பு மாற்ற ஸ்டூல்மேல் ஏறினாள்; பல்பு மாறியது, ஸ்டூல் நழுவியது. தாள் தீர்ந்துபோனால் கட்டின் மேலேயே கணக்குப் போடுகிறாள். கணுக்காலில் குதிரை, முழங்காலுக்குக் கீழே வாத்து. முயலின் பின்பக்கம் எங்கே என்று கேட்டால் காலைத் திருப்பிக் காட்டுகிறாள்.

அவள் பென்சில் டப்பாவை நீ பார்க்கவேண்டும். தேய்ந்த பென்சில் மூன்று, பிளேடு ஒன்று, பாதி ரப்பர், பச்சை நூல் கட்டிய சின்னச் சாவி ஒன்று. அந்தச் சாவியை எடுத்து வெளியே வைக்கக்கூட விடமாட்டாள்.

மாடு இப்போது நான்கு காலில் நிற்கிறது. பால்காரர் லேபிளைப் பார்த்துக் கும்பிட்டார். ஆட்டுக்குத் தாடி வைத்தாயிற்று. டாக்டரம்மாவின் பட்டியலில் இருந்த பதினைந்து படங்களும் முடிந்தன. முதலில் சரியாக விழுந்த லேபிளைத் தோழியிடம் காட்டியபோது, ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "நண்டு கணக்குல கெட்டிதான்" என்றாள்.

மழைக்காலம் வருகிறது. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே.

அன்புடன்
அண்ணி

*

செப்டம்பர் 23

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்து வாரமாகப் பதில் போடவில்லை. வேலை என்று எழுதலாம். வேலை ஒன்றும் இல்லை.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். என்னை நண்டு என்று கூப்பிட உலகத்திலேயே ஒரே ஆள்தான் உண்டு என்பதும், அந்தப் பெயர் உங்கள் தோழிக்கு எப்படித் தெரியும் என்பதும் இருக்கட்டும். ஒரு மனிதருக்குக் கால் ஒடிந்தால் கூடப்பிறந்தவளுக்கு அது இரண்டு மாதம் கழித்து, வேறொருத்தியின் கால் என்று தெரியவருவது எந்த ஊர் நியாயம்? 'சொல்லாதே' என்றால் நீங்களும் சொல்லாமல் இருப்பீர்களா? உங்கள்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. கட்டு எப்போது பிரிக்கிறார்கள்? நடக்க முடிகிறதா? வலி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். உங்கள் தோழியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

பிரிண்டரில் பதினாறு இடம். பதினைந்து முடிந்தது. கடைசி இடத்துக்கு நானே ஒன்று வரைந்திருக்கிறேன். படம் இல்லை, எண்கள் மட்டும் அனுப்புகிறேன், எழுபத்திரண்டு. நீங்கள் பிரிண்டரில் தட்டிப் பார்க்க வேண்டாம். முதலில் தோழியிடம் கொடுங்கள். எண்ணைப் பிரித்துப் புள்ளி வைக்கட்டும். என்ன என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

எனக்கு வரைய வராது என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு நாள் ஆயிற்று.

கழுத்து வலி இல்லை. வேறு எங்கோ கொஞ்சம்.

நாத்தனார்

*

அக்டோபர் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூன்று பதில்கள்: கட்டு பிரித்தாயிற்று, கைத்தடியோடு நடக்கிறார், படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது. கட்டை வெட்டிய டாக்டர், "யாரு சார் உங்க கால்ல பரீட்சை எழுதினது?" என்று கேட்டாராம். இனித் தோழி இல்லை. அவளை வைத்துச் சமாளித்ததில் எனக்கும் மூச்சு வாங்கிவிட்டது. மன்னித்துவிடு.

உன் எண்களைச் சனிக்கிழமை காலையில் அவரிடம் கொடுத்தேன். "உங்க தங்கச்சி ஒரு மிருகம் அனுப்பியிருக்கா" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் பிரிப்பார். "எழுபத்திரண்டுன்னா... அறுபத்துநாலு, எட்டு." இரண்டு கட்டத்தைக் கறுப்பாக்குவார்.

ஐந்தாறு வரிசையில் ஒரு வளைவு வந்தது. "ஆமை. ஆமைதான் ஏற்கெனவே போட்டாச்சே, பட்டியலைப் பாக்க மாட்டாளா?" என்றார். வளைவு கீழேயும் சுற்றிக்கொண்டு வந்தது. "ஆமை இல்ல. நத்தை." பத்தாவது வரிசையில் வட்டம் மூடுகிற இடத்துக்கு வந்தார். வட்டத்துக்கு மேலே தட்டையாக ஒரு கோடு. அங்கே பென்சில் நின்றது.

"என்ன மிருகம்?" என்று கேட்டேன்.

"மிருகம் இல்ல."

மீதி பதினான்கு வரிசையையும் வாய்விட்டுச் சொல்லாமல் முடித்தார். இருக்கை, பார், ஹாண்டில், முன் சக்கரம். அந்தத் தட்டையான கோடு நீ உட்கார்ந்து போன கேரியர். முடித்துவிட்டுத் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "மட்கார்டு இல்லாம வரைஞ்சிருக்கா" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து, கைத்தடியை மறந்துவிட்டு, ஜன்னல்வரை நடந்தே போய் நின்றார்.

திங்களன்று பிரிண்டரில் ஏற்றினேன். டாக்டரம்மா பார்த்தார். "இது எந்த மிருகத்துக்கு?" என்றார். பட்டியலில் இல்லாததற்கு என்றேன். சரி என்று தலையாட்டினார். நேற்று ஒரு முள்ளம்பன்றி, சொட்டு மருந்தும் சைக்கிளுமாக வீட்டுக்குப் போயிற்று.

இதை முடிக்கும்போது உன் அண்ணன் கேட்கிறார்: "வீட்டுல தபால் தலை இருக்கா?" இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. தேடப் போகிறேன்.

அன்புடன்
அண்ணி

*

அக்டோபர் 12

நண்டு,

கால் பரவாயில்லை. கழுத்தைக் காட்டினாயா? காட்டு.

உன் படத்தில் சில பிழைகள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு புள்ளி சிறியது. எதிர்க்காற்றில் போன மாதிரி இருக்கிறது. இரண்டு. பெல் இல்லை. அது ஒருநாளும் அடித்ததில்லை, அப்பா வாயால்தான் சத்தம் கொடுப்பார். ஆனாலும் பெல் இருந்தது. ஹாண்டிலுக்கு மேல் ஒரு புள்ளி வை.

மூன்று. இடமிருந்து ஏழாவது, எட்டாவது நெடுக்கு வரிசைகளில் நடு எண் இரண்டும் 8 என்று இருக்கிறது. இரண்டையும் 14 ஆக்கு. பின் சக்கரத்துக்குள் மேலாக நான்கு புள்ளிகள் கூடும். அது பூட்டு.

அந்தப் பூட்டைப் பற்றி எழுத வேண்டும்.

நீ வந்து எடுத்துப்போகிறேன் என்று எழுதியதும் சைக்கிளைக் கழுவி, எண்ணெய் விட்டு, புது பெடல் மாட்டினேன். ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்துப்போனேன். நீ வரும்போது ஆள் பார்க்கும்படி இருக்கட்டும் என்று முடி வெட்டப் போனேன். கடை வாசலில் நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் தெரியும் என்று பூட்டவில்லை. கடைக்காரர் தலையைக் குனி என்றார். குனிந்தேன். நிமிர்ந்தபோது இல்லை. கழுத்தில் கட்டிய துணியோடு, ஒரு பக்கம் வெட்டிய தலையோடு மூன்று தெரு ஓடினேன். கிடைக்கவில்லை.

நான் விற்கவில்லை. தொலைத்தேன்.

விற்றேன் என்று சொன்னால் கோபப்படுவாய், தொலைத்தேன் என்றால் அழுவாய் என்று தோன்றியது. கோபம் ஆறு நாளில் ஆறும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நீதான் கெட்டி. உன் அண்ணிக்கு அன்றே தெரியும். அவளிடம் சத்தியம் வாங்கியது நான். அவளைத் திட்டாதே.

சாவியை இதோடு வைத்திருக்கிறேன். பச்சை நூல் நீ கட்டியது. கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

மட்கார்டையும் சேர்த்துவிடு.

அண்ணன்

*

அக்டோபர் 20

அண்ணா,

கழுத்தைக் காட்டினேன். தலையணையை மாற்றச் சொன்னார்கள். உன் கால் எப்படி? கைத்தடியை மறந்துவிட்டு ஜன்னல்வரை நடக்காதே.

முன் சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டேன். பெல் வைத்துவிட்டேன். மட்கார்டுக்கு இடம் இல்லை. அந்தச் சைக்கிளுக்கும் கடைசி இரண்டு வருடம் மட்கார்டு இல்லை, நீதான் கழற்றினாய். அந்தப் பிழை செல்லாது.

கடிதத்தைப் படித்துவிட்டு நீ நினைத்தபடியே அழுதேன். அது ஒரு பக்கம். ஒரு பக்கம் வெட்டிய தலையோடு நீ தெருவில் ஓடியதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரி இப்போது இடம் மாற்றிக் கேட்டிருக்கிறாள்.

அண்ணியிடம் சொல்: தோழி இருந்த நாட்களில் கடிதங்கள் இன்னும் சுவாரசியமாக இருந்தன. பால்காரரைப் பார்க்க வேண்டும், முள்ளம்பன்றியையும். அதனால் அடுத்த மாதம் எட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். அதற்குள் முடி வெட்டிக்கொள், இரண்டு பக்கமும்.

இன்னொன்று. பென்சில் டப்பாவில் பச்சை நூல் கட்டிய சாவி இருக்கிறது என்று அண்ணி ஆகஸ்டில் எழுதினார். சைக்கிளை விற்றவன் சாவியை எதற்கு வைத்துக்கொள்வான் என்று மூன்று வாரம் யோசித்தேன். பிறகுதான் வரைய உட்கார்ந்தேன். உன் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன். 8 இரண்டும் 14 ஆயின, பூட்டு கச்சிதமாக விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? அந்த நான்கு புள்ளிகளுக்கு இடத்தைக் காலியாக விட்டுத்தான் அனுப்பினேன்.

நண்டு